வெளியே போகும் வழியை முதலில் கேட்டவர்

முதன்முதலாகச் சந்தித்த அன்றே அவர் எனக்குக் கோபமூட்டினார். மலேசியாவின் மூவாரில், கட்டில் கடைகளும் சோபாக் கடைகளும் வரிசையாக இருக்கும் சாலையில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் டயாலிசிஸ் மையம் இருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்துவது. பதினான்கு நாற்காலிகள், பதினான்கு இயந்திரங்கள், அவற்றைக் கட்டி மேய்க்க ஒரு மேலாளர். அந்த மேலாளர் நான்தான். இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்களின் பட்டியல் எப்போதும் என் மேசைமேல் கிடக்கும். இடம் இருக்கிறது என்று சொன்னால் குடும்பத்தார் கண் கலங்குவார்கள், என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த அம்மாள் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். சேர்க்கைப் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் படித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இங்கேருந்து வேற சென்டருக்கு மாறணும்னா என்ன செய்யணும்?"

"இன்னும் உள்ளயே வரலியேக்கா?"

"அதான் இப்பவே கேக்குறேன். உள்ள வந்த பிறகு கேட்டா யாரும் சரியா சொல்ல மாட்டாங்க."

சக்கர நாற்காலியில் இருந்தவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்டயும் இதைத்தான் கேட்டா."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. திருமணத்துக்கு முன்பே இந்த அம்மாள் ஒரு தாளில், இருவரில் யாருக்குப் பிடிக்காமல் போனாலும் மற்றவரைக் குறை சொல்லாமல் எப்படிப் பிரிவது என்று வரிசை போட்டு எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். "இருபத்தாறு வருஷமா பத்திரமா வச்சிருக்கேன். ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று கணவர் ஒவ்வொரு புது மிஸியிடமும் புகார் சொல்வார். எங்கள் ஊரில் தாதியரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். மிஸிகள் சிரிப்பார்கள். அந்த அம்மாள் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "போக வழி இருந்தும் போகாம இருக்காருல்ல, அதுக்குத்தான் மதிப்பு" என்பார்.

நோயாளிகள் எல்லாரும் அவரைக் கம்ப்யூட்டர் அக்கா என்றார்கள். மலாய்க்காரப் பாக்சிக்குகளும் சீன அங்கிள்களும்கூட 'அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் எங்களோடு இருந்த வருடங்களில் நான் அவரை எவ்வளவு நேசித்தேன் என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

எங்கே போனாலும் அவர் முதலில் பார்ப்பது வெளியே வரும் வழியைத்தான். கைத்தொலைபேசிக் கடையில் புதுத் திட்டத்தைப் பற்றி அந்தச் சீனப் பெண் மூச்சுவிடாமல் விளக்கி முடித்ததும், "இதை நிறுத்தணும்னா யாருக்கு போன் பண்ணணும்?" என்று கேட்பார். அவருக்குப் பின்னால் வரிசை நீளும். வாகனம் நிறுத்துவதற்கான செயலியைத் தொலைபேசியில் ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து, கூப்பன் விற்கும் கடையைத் தேடி நல்ல வெயிலில் நடப்பார். "பேரு, ஐசி நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் கேக்குது தம்பி. காரை நிறுத்துறதுக்கு எதுக்கு லா இதெல்லாம்? அழிச்சிடுன்னு சொன்னா அழிக்குமா? அதுக்குப் பதிலே இல்ல." அவரோடு ஓர் இடத்துக்குப் போவது பெரிய தொல்லை. பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் பல தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்.

இந்தப் புத்தி இவ்வளவு முற்றியது எப்படி என்று ஒருநாள் கேட்டேன். கணவருக்கு ஊசி ஏற்றி இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது, இனி நான்கு மணி நேரம் அவருக்கும் வேறு வேலை இல்லை. அப்போதுதான் சிங்கப்பூர்க் கதையைச் சொன்னார். ஜொகூர் பாருவில் குடியிருந்து, விடியுமுன் எல்லைப் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் பதினோரு வருடம் கணினி நிரல் எழுதினாராம். கணவருக்குச் சிறுநீரகம் கெட்டதும் வேலையை விட்டுவிட்டு, அவருடைய சொந்த ஊரான மூவாருக்கு வரவேண்டியதாயிற்று. கடைசி நாள் மதியமே அவருடைய நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட இனி அவர் பார்க்கக்கூடாது.

"தப்புன்னு சொல்லல. கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தேன். ஆனா நான் எழுதினதுல ஒரு இடத்துல ஒரு கோளாறு இருந்துச்சு தம்பி, எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிட்டுப் போலாம்னா உள்ள விடல. இப்பவும் பஸ்ஸுல போறப்ப அது ஞாபகம் வருது. யாரு சரி பண்ணியிருப்பாங்களோ." சொல்லிவிட்டுக் கணவரின் போர்வையை இழுத்துவிட்டார். கணவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எங்கள் மையத்தில் அப்போது ஒரு வெள்ளைப் பலகைதான் இருந்தது. யார், எந்த நாற்காலி, எந்த வேளை என்று எழுதி அழித்து எழுதி அது சாம்பல் நிறமாகியிருந்தது. எங்கள் ஆட்கள் முறை மாற்றிக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் மலாய்க்காரர்கள் மதிய வேளையைத் தமிழர்களுக்குக் கொடுத்துவிட்டுக் காலையை வாங்கிக்கொள்வார்கள். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் அது திரும்பி வரும். சீனப் புத்தாண்டுக்கு எல்லாரும் சேர்ந்து அங்கிள்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். என்னிடம் கேட்பதில்லை, நாற்காலிக்கு நாற்காலி பேசி முடித்துவிட்டுப் பலகையில் பெயரை மாற்றிவிடுவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் ஆபத்தும் உண்டு. மாற்றிக்கொண்டதில் யாருக்காவது நடுவில் மூன்று நாள் இடைவெளி விழுந்துவிட்டால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். கல்லீரல் கிருமி உள்ளவர்களுக்கென்று தனி இயந்திரம் இருக்கிறது, அதில் மற்றவர்கள் உட்காரக்கூடாது.

அந்த அம்மாள் மூன்று மாதம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரமாக, எங்களுக்கென்று ஒரு நிரலை எழுதினார். இருவர் முறை மாற்றிக்கொண்டால் அது ஏற்றுக்கொள்ளும். இடைவெளி அதிகமாக விழுந்தால் சிவப்பாகக் காட்டும். சிகிச்சைக்கு முன் எடை, பின் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அதிலேயே. ஆனால் முதன்முதலில் அவர் எழுதி முடித்தது இவை எதுவும் இல்லை. திரையின் மேல் மூலையில் ஒரு பொத்தான். தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் 'எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல' என்று இருந்தது. அதை அழுத்தினால் ஒவ்வொரு நோயாளியின் முழு விவரமும் வேறு எந்த மையமும் படிக்கக்கூடிய கோப்பாக வந்துவிடும்.

"இன்னும் ஒன்னுமே உள்ள இல்லியேக்கா, எதை எடுத்துட்டுப் போக?" என்றேன்.

"வாசல் வச்சிட்டுத்தான் சுவர் கட்டணும். கட்டின பிறகு இடிக்க மனசு வராது."

அந்த நிரலின் பெரும்பகுதி அவர் எழுதியது இல்லை என்று அவரே சொல்வார். உலகத்தில் யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், மற்றவர்களுக்கும் கொடுங்கள் என்று பொதுவில் வைத்ததை எடுத்து அதன்மேல் எழுதினாராம். எங்கள் பொருளாளருக்கு இது பிடிக்கவில்லை.

"சும்மா கெடைக்கிற சாமானை நம்பி நோயாளிங்கள விடலாமாம்மா?"

"சும்மாங்கிறது பெரிசில்ல ஐயா. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் திறந்து பார்க்கலாம்."

"எனக்குப் பார்த்தா புரியாதே."

"புரியிற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டலாம்ல? வேண்டாம்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. அது போதும்."

தன்னுடையதையும் அவர் அப்படியே பொதுவில் வைத்தார். ஒரு வருடம் கழித்து பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவிலிருந்து ஒரு மருத்துவமனை ஊழியர் எழுதியிருந்தார். எடைக் கணக்கில் அந்த அம்மாள் செய்திருந்த ஒரு சிறு பிழையைச் சுட்டிக்காட்டி, திருத்தியும் அனுப்பியிருந்தார். நானாக இருந்தால் அந்தக் கடிதத்தை மறைத்திருப்பேன். இவர் அச்செடுத்துத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டினார். "நான் பண்ணின தப்பை, முகம் தெரியாத ஒருத்தன் உக்கார்ந்து தேடிக் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க. எனக்கு என்ன கொடுப்பினை" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அவர் உழைத்ததெல்லாம், தான் இல்லாவிட்டாலும் நாங்கள் ஓட வேண்டும் என்பதற்காக. ஃபரிடா மிஸிக்கு நிரலைத் திறக்கவும் மாற்றவும் சொல்லிக்கொடுத்தார். ஐம்பது வயதில் ஃபரிடா மிஸி அதைக் கற்றுக்கொண்டு, ஒருநாள் பெயர்ப் பட்டியலைத் தலைகீழாக்கி, மறுநாள் தானே சரிசெய்தபோது இவர் கைதட்டினார். நான் தட்டவில்லை. இந்த அம்மாள் ஒருநாள் எங்களைவிட்டுப் போய்விடுவார், போகும்போது எங்களுக்குத் தடுக்க ஒரு காரணமும் இருக்காது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அப்படிப்பட்டவருக்கு நானே ஒரு துரோகம் செய்தேன். கோலாலம்பூரிலிருந்து ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் வந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தொடுதிரைப் பலகை, எல்லாம் தானாகப் பதிவாகும், குடும்பத்தாருக்குச் செய்தியும் தானாகப் போகும் என்றார். பளபளவென்று இருந்தது. நான் மயங்கிவிட்டேன். செயற்குழுவிடம் நான்தான் எடுத்துச் சொன்னேன். அந்த அம்மாள் விற்பனையாளருக்குத் தேநீர் கலந்து கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்களுக்குப் பிடிக்கலன்னா எங்க ஆளுங்க விவரத்தை எல்லாம் எடுத்துக்கிட்டு எப்படி வெளிய வர்றது?"

"ஏன் அக்கா பிடிக்காமப் போவுது? எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றார் அவர்.

செயற்குழு ஒப்புக்கொண்டது. அந்த அம்மாள் வாதாடவில்லை. தன் நிரலின் மேல் மூலைப் பொத்தானைத் தானே அழுத்தி, வந்த கோப்பை என்னிடம் கொடுத்தார். "நல்லா ஓடட்டும் தம்பி" என்றார். முகத்தில் வருத்தம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் அது நடந்தது. பாக்சிக் ரஹீமுக்கு மதிய வேளை. வீட்டில் பெருநாள் வேலை இருந்ததால் முனியாண்டி அங்கிளின் காலை வேளையை வாங்கிக்கொண்டார். முனியாண்டி அங்கிள் காலையில் சும்மா இருக்காமல் பாக்சிக் வீட்டுக்குப் போய், அவருக்குப் பதிலாகத் தொதோல் இனிப்பு கிண்டும் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டார். அந்த நிறுவனத்தின் புது நிரலுக்கு முறை மாற்றுவதெல்லாம் தெரியாது. முனியாண்டி சிகிச்சைக்கு வரவில்லை, உடனே மையத்தைத் தொடர்புகொள்ளவும் என்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. அந்தப் பெண் மையத்துக்குக் கூப்பிட்டாள். எடுத்தது நான். திரையைப் பார்த்தேன். "ஆமாம்மா, வரலன்னுதான் காட்டுது" என்றேன்.

முறை மாற்றும் வழக்கம் எனக்குத் தெரியாதா? பத்து அடி நடந்து ஃபரிடா மிஸியைக் கேட்டிருந்தால் போதும். திரை சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். பெருநாள் நெரிசலில் பாலத்தைக் கடந்து அந்தப் பெண் மாலையில் வந்து சேர்ந்தபோது, அப்பா நாற்காலியில் இயந்திரத்தோடு சாவகாசமாக உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் அடித்து அடித்து அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே அங்கிள் வரலன்னு சொன்னீங்க? வழியெல்லாம் நான் எதையெதையோ நெனச்சிட்டு வந்தேன்" என்றாள்.

அந்த நிறுவனத்தைவிட்டு வெளியேற முடிவு செய்தோம். பத்து மாத விவரங்களைக் கேட்டபோது அவர்கள் படங்களாக அனுப்பினார்கள். எந்தக் கணினியும் படிக்க முடியாத, பக்கம் பக்கமான படங்கள். வேறு வழியில்லாமல் அந்த அம்மாளிடம் போய் நின்றேன். 'அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்வார் என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு போனேன். அவர் சொல்லவே இல்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு நோயாளியின் குடும்பத்தாரையும் அவரவர் ஆளின் விவரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய உட்கார வைத்தார். நாற்காலியில் கிடந்தவர்கள், "அன்னைக்கு என் எடை அது இல்ல, சரியா பாரு" என்று மனப்பாடமாகத் திருத்தினார்கள். இரண்டு வாரம் மையம் பள்ளிக்கூடம் மாதிரி சத்தமாக இருந்தது.

நான் அந்த நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். அவர்தான் தடுத்தார். "அவங்க கெட்டவங்க இல்ல தம்பி. விக்க வந்த அந்தப் பையன் பாவம், நல்ல பையன். ஆளுங்கள உள்ள இழுக்கிறதுக்கு இந்தத் தொழில்ல ஆயிரம் பேரு வேலை பார்க்குறாங்க. வெளிய விடுறதுக்கு ஒருத்தரைப் போட மறந்துடுறாங்க. மறந்தா நல்லாத்தான் இருக்கு அவங்களுக்கு, அதனால யாரும் ஞாபகப்படுத்தறதில்ல."

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவர் கணவர் இறந்துபோனார். மையத்தில் இல்லை, வீட்டில், தூக்கத்தில். எங்கள் நோயாளிகள் வேன் பிடித்துப் போய் வந்தார்கள். பத்தாம் நாள் அந்த அம்மாள் வந்து கணவரின் போர்வையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டார். நிரலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெளிவாக எழுதிய ஒரு தடித்த நோட்டை ஃபரிடா மிஸியிடம் கொடுத்தார். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அடிக்கடி வாங்கக்கா என்றேன். "நான் எதுக்கு தம்பி? அதுபாட்டுக்கு ஓடும்" என்றார்.

அது ஓடியது. சனியன், ஒருநாள்கூடக் கெடவில்லை. ஆறு வாரம் நாங்கள் அவரைக் கூப்பிட ஒரு காரணமும் அமையவில்லை.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் சன்னலைத் திறக்கப் போனேன். எதிரே கட்டில் கடை வாசலில் அவருடைய பழைய வெள்ளைக் கார் நின்றது. உள்ளே அவர். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செவ்வாய், வியாழன், சனி மதியம்தான் அவர் கணவரின் வேளை. நான்கு மணி நேரம் ஆனதும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வியாழக்கிழமையும் வந்தார். சனிக்கிழமையும் வந்தார். ஒருநாளும் இறங்கவில்லை. எல்லாருக்கும் வெளியே போக வழி வைத்தவர், தான் உள்ளே வர ஒரு சாக்கும் இல்லாமல் சாலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். போய்க் கூப்பிட்டால் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார், மறுபடி வரவே மாட்டார். அவர் குணம் எனக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கார் வந்து நின்றதும் கணினி முன் உட்கார்ந்தேன். அடுத்த மாத நாற்காலிப் பட்டியல் முழுவதையும் அழித்தேன். இந்த மாதத்தில் கைவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"அலாமாக், போஸ்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார் ஃபரிடா மிஸி. இரண்டு நிமிடத்தில் தானே திருப்பிக் கொண்டுவந்துவிடுவதாகச் சொல்லி நாற்காலியை இழுத்தார். நான் சன்னலைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழாம் நாற்காலியின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அக்கா, அடுத்த மாச லிஸ்ட் மொத்தமும் காணோம். என்ன ஆச்சுன்னே தெரியல."

"அப்படியா? நான் பாசார் பக்கம்தான் இருக்கேன். வர்றேன்" என்றார். காரில் இருந்தபடியே பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு சாலையைக் கடந்து வந்தார்.

உள்ளே நுழைந்ததும் பதினான்கு நாற்காலியிலிருந்தும் குரல் வந்தது. அன்றும் முறை மாற்றிக்கொண்டு மதியம் வந்திருந்த முனியாண்டி அங்கிள், "எங்கம்மா போய்ட்டீங்க?" என்று சத்தம் போட்டார். அவர் எல்லாரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். என் கணினி முன் உட்கார்ந்தார். எதையோ திறந்தார். வரிகள் ஓடின. ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"இதுல யாரு எதைத் தொட்டாலும் எழுதி வச்சுக்கும். யாரு வேணும்னாலும் பார்க்கலாம். நான்தான் அப்படி எழுதினேன்." திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "உங்க பேரு இருக்கு. ரெண்டு மணி பதினோரு நிமிஷம். அழிச்சது நீங்கதான்."

"ஆமாக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார், அங்கிருந்து அவருடைய கார் நன்றாகத் தெரிந்தது. கணினிப் பக்கம் திரும்பி, நாலைந்து விசைகளைத் தட்டிப் பட்டியலைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஃபரிடா மிஸி தேநீரை மேசைமேல் வைத்தார். அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"சரி. வியாழக்கிழமை எதைக் கெடுக்கப் போறீங்க?"